யந்திரத்தின் அடங்கல்

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வரும் பஸ்ஸில் தம்முடைய கைப்பேசியைப் பறிகொடுத்துவிட்டுப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கச் சென்றபோது, அங்கே அவரிடம் முதலில் கேட்கப்பட்டது கைப்பேசியின் நிறமுமன்று, விலையுமன்று, அதன் ஐ.எம்.இ.ஐ. எண் என்ன என்பதே. நிலத்தின் சர்வே நம்பர், பட்டா எண், காஸ் இணைப்பின் எண், பென்ஷன் உத்தரவின் எண் ஆகிய யாவற்றையும் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணிமணியான எழுத்தில் குறித்து வைத்திருக்கும் அந்தப் பெரியவர், அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நின்றார். மூன்று வருஷ காலம் அந்த எண் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. கைப்பேசி போனபோது எண்ணும் கூடவே போயிற்று.

அவர் வந்து இதை என்னிடம் சொல்லிய நாளிலிருந்து, நாம் அன்றாடம் கையாளும் கணினியைப் பற்றியும் கைப்பேசியைப் பற்றியும் நாம் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை விவரங்கள் எவை, அவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன, எந்தச் சமயத்தில் நமக்கு வேண்டியிருக்கின்றன என்ற விஷயம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆராய்ந்து பார்க்கப் பார்க்க எனக்குத் தெளிவாகிய உண்மை ஒன்றுண்டு. யந்திரத்தின் விவரங்கள் யந்திரத்துக்குள்ளேயும், கணக்கின் விவரங்கள் எங்கோ தொலைவிலிருக்கும் ஒரு கம்பெனியிடமும் இருக்க, இரண்டுக்கும் சொந்தக்காரனாகிய மனிதனிடம் மாத்திரம் ஒரு பிரதியும் இல்லை; அவனுக்கு அவை மிகமிக வேண்டியிருக்கும் சந்தர்ப்பமோ, யந்திரம் தொலைந்தோ திறவாமலோ போன சந்தர்ப்பமாகவே இருக்கிறது.

ஆதியில் இந்தப் பிரிவினை இல்லை. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற பழைய கணினிகளை ஒரு சமயத்தில் ஒருவரே இயக்கினார். ஆகவே 'நீ யார்?' என்று யந்திரம் மனிதனைக் கேட்க வேண்டிய அவசியமே எழவில்லை. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும் 1961இல் ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே காலத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையை இயக்கிக் காட்டியபோதுதான், ஒருவருடைய கோப்பு மற்றொருவர் கையில் அகப்படாதிருக்கும் பொருட்டு, ஆளுக்கொரு பெயரும் பெயருக்கொரு கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யுனிக்ஸ் அந்த வழக்கத்தை நிலைநிறுத்தியது. இந்த யந்திரம் எது என்று கேட்பதற்கு ஒரு கட்டளை, இப்போது உள்ளே இருப்பவர் யார் யார் என்று கேட்பதற்கு ஒரு கட்டளை, 'ஹூ ஆம் ஐ' என்று, அதாவது 'நான் யார்' என்று, தன்னைப் பற்றியே கேட்பதற்கு ஒரு கட்டளை என அந்த வம்சத்தில் வந்த கட்டளைகள் இன்றைக்கும் லினக்ஸில் உயிரோடிருக்கின்றன. கடைசியாகச் சொன்னது விண்டோஸிலும் வேலை செய்கிறது. அக்காலத்துக் கணக்கு யந்திரத்துக்குள்ளேயே குடியிருந்தது. இன்றைய கணக்கோ யந்திரத்தை விட்டு வெளியேறிக் கம்பெனியின் வீட்டில் குடியிருக்கிறது. நம் கையிலிருக்கும் கைப்பேசி அதனிடம் போய்ச் சேருகிற வாசல்களில் ஒன்று மாத்திரமே. இந்த மாறுதலை உணராதவர்களே பெரும்பாலும் அவதிப்படுகிறார்கள்.

முதலில் யந்திரத்தின் அடையாளத்தைப் பார்ப்போம். ஐ.எம்.இ.ஐ. என்பது பதினைந்து இலக்கங்கள் கொண்ட எண். கைப்பேசியில் நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, பூஜ்யம், ஆறு, மறுபடியும் ஹாஷ் குறி என்று எண் பலகையில் அழுத்தினால், அதாவது *#06# என்று அழுத்தினால், எந்தக் கம்பெனியின் கைப்பேசியாயினும், அழைப்புக்குரிய பொத்தானைத் தொடுவதற்கு முன்பே அது திரையில் தோன்றிவிடும். இரண்டு சிம் போடும் கைப்பேசியில் இரண்டு எண்கள் தோன்றும். இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் எட்டு இலக்கங்கள் கைப்பேசியின் தயாரிப்பாளரையும் மாதிரியையும் தெரிவிப்பவை. அடுத்த ஆறும் அந்த ஒரு கைப்பேசிக்கே உரியவை. பதினைந்தாவது இலக்கத்துக்குச் சுயமான அர்த்தம் எதுவுமில்லை. மற்றப் பதினான்கையும் காவல் காப்பதற்காக வைக்கப்பட்ட இலக்கம் அது. வலக்கோடியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டாவது நாலாவது ஆறாவது என்று வரும் இலக்கங்களை இரட்டித்து, இரட்டித்ததில் ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டி ஒன்றாக்கி, பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டினால், வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எழுதியதில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்பது நிச்சயம். ஐ.பி.எம். கம்பெனியிலிருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் உரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. பாங்கு அட்டைகளின் எண்களையும் இதே முறைதான் காக்கிறது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் இந்தச் சோதனை தவறாமல் கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், பூஜ்யமும் ஒன்பதும் மாறிய ஒரு சந்தர்ப்பம் தவிர, மற்றவற்றையெல்லாம் கண்டுபிடித்துவிடும். தலைமையாசிரியரிடம் இதை நான் விவரித்தபோது, திருட்டுப்போன துக்கத்தையும் மறந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இந்த எண்ணுக்கு நம் தேசத்தில் சட்டரீதியான முக்கியத்துவம் ஏற்பட்டது 2009ஆம் வருஷக் கடைசியில், முறையான ஐ.எம்.இ.ஐ. இல்லாத கைப்பேசிகளுக்கு இணைப்பு மறுக்கப்பட்ட காலத்தில்தான். பிறகு 2023ஆம் வருஷம் மே மாதத்தில் மத்திய தொலைத்தொடர்புத் துறை 'சஞ்சார் சாதி' என்ற சேவையைத் தேசம் முழுவதற்கும் திறந்தது. போலீஸ் புகாரின் நகல், அடையாளச் சான்று, ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றை அதில் கொடுத்தால், தொலைந்த கைப்பேசியை எந்தக் கம்பெனியின் சிம்மைப் போட்டாலும் பேச முடியாதபடி முடக்கிவிடலாம். கிடைத்துவிட்டால் முடக்கத்தை நீக்கவும் செய்யலாம். பழைய கைப்பேசி வாங்குகிறவர்களுக்கு இதைவிடப் பிரயோஜனமான மற்றொரு வசதியும் உண்டு. கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை எழுதி, ஓர் இடம் விட்டு, ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் எழுதி 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்த மாதிரிக்கு உரியது என்று பதில் வரும். பதிலில் ஒரு மாதிரியும் கையில் வேறொரு மாதிரியும் இருக்குமானால், விலை எவ்வளவு மலிவாயிருந்தாலும் அதை வாங்காமல் திரும்புவதே விவேகம். ஒருவர் பெயரில் எத்தனை தொலைபேசி இணைப்புகள் இருக்கின்றன என்பதையும் அதே சேவையில் பார்க்கலாம். தேசத்தின் பெரும்பகுதியில் ஒருவருக்கு ஒன்பது இணைப்பு என்பதே உச்ச வரம்பு. தாம் வாங்காத இணைப்பு ஒன்று தம் பெயரில் இருப்பதைக் கண்டால் உடனே அங்கேயே அறிவிக்கலாம்.

கைப்பேசியின் எண்ணையும் சிம்மின் எண்ணையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறவர்கள் அநேகர். சிம்முக்குத் தனியாக ஓர் எண் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். தொலைத்தொடர்பைக் குறிக்கும் 89 என்பதில் தொடங்கி, அடுத்து இந்தியச் சிம்மாயின் 91 என்றும் இலங்கைச் சிம்மாயின் 94 என்றும் அது வளரும். இவையன்றி, வலையமைப்புக்கு மாத்திரம் தன்னை அறிவித்துக்கொள்ளும் ரகசியமான எண் வேறொன்றும் அதனுள் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், நாம் எல்லோரிடமும் சொல்லும் பத்து இலக்கத் தொலைபேசி எண் சிம்முக்குள் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அது கம்பெனியின் பதிவேட்டில், அந்த ரகசிய எண்ணுக்கு எதிரே, எழுதப்பட்டிருக்கிறது. கைப்பேசியின் அமைப்புகளில் சொந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறவர்களுக்குச் சில சமயம் 'தெரியவில்லை' என்ற பதில் கிடைப்பதன் காரணம் இதுவே. கைப்பேசியில் கோளாறு எதுவுமில்லை.

மற்ற விவரங்களுக்கு வழி எது? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகள் என்ற பகுதிக்குள் 'கைப்பேசியைப் பற்றி' என்ற பொருள்படும் ஒரு தலைப்பு இருக்கும். சில கம்பெனிகள் அதைக் கடைசியிலும் சில கம்பெனிகள் முதலிலும் வைத்திருக்கின்றன. ஐபோனில் அமைப்புகளில் 'பொது' என்பதற்குள் முதல் வரியாக இருக்கும். மாக் கணினியில் திரையின் இடது மூலையிலுள்ள ஆப்பிள் சின்னத்தைத் தொட்டால் முதலில் வருவதே அதுதான். வழிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாத்திரமன்றிப் பதிப்புக்குப் பதிப்பும் மாறுகின்றன. ஆதலால் வழியை நெட்டுருப் போடுவது வீண் சிரமம். அமைப்புகளில் பூதக்கண்ணாடி வடிவில் இருக்கும் தேடுமிடத்தில் வேண்டிய சொல்லை எழுதிவிடுவதே, என் அனுபவத்தில், என்றும் மாறாத வழி.

விவரம் கிடைத்தால் போதாது. அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஒரு டெராபைட் என்று சொல்லி வாங்கிய வட்டு, விண்டோஸ் கணினியில் மாட்டியவுடன் 931 என்று காட்டுவதைக் கண்டு, கடைக்காரர் மோசம் செய்துவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். உண்மையில் அங்கே யாரும் மோசம் செய்யவில்லை. வட்டு செய்கிறவர்கள் ஒரு ஜி.பி. என்பதை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார்கள். விண்டோஸோ இரண்டை முப்பது தடவை பெருக்கி வரும் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு ஜி.பி.யாகக் கொள்கிறது. ஒரு லட்சம் கோடியை அந்தத் தொகையால் வகுத்தால் 931தான் வரும். இரண்டு ஊரின் மரக்காலும் ஒன்றாயிராத காலத்தில் நெல் அளந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாய் விளங்கியிருக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் இரண்டாவது அளவுக்கு வேறு பெயரே சூட்டியது. எனினும் அந்தப் பெயர் ஜனங்களின் வழக்கில் ஏறவில்லை. ஆப்பிள் கம்பெனி 2009இல் தன் கணினிகளை வட்டுக்காரர்களின் அளவுக்கே மாற்றிக்கொண்டது.

மோசம் என்று சொல்லத்தக்கது வேறிடத்தில் இருக்கிறது. எட்டும் எட்டும் பதினாறு என்று விளம்பரத்தில் பெரிதாக எழுதப்பட்ட கைப்பேசியின் நினைவகத்தில், பின்னால் சொன்ன எட்டு மெய்யான நினைவகமன்று. படங்களும் கோப்புகளும் வைக்கும் சேமிப்பகத்திலிருந்து கடனாக எடுத்த இடம் அது, வேகத்தில் மெய்யானதற்கு அருகிலும் வராதது. கைப்பேசியைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பார்த்தால், கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பதே சொத்து என்று விளங்கும். வாங்குவதற்கு முன் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது ஒரு தேதி. ஆண்ட்ராய்டில் பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதம் வரையில் செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அந்தத் தேதியை, 2015 முதல் மாதந்தோறும் திருத்தங்கள் வெளிவரத் தொடங்கிய பின்பே கைப்பேசிகளில் காண்கிறோம். வீட்டு ஓட்டை மழைக்கு முன் மாற்றுவதைப் போலக் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளைக் கம்பெனி அடைத்துக்கொண்டு வருகிறது. அந்தத் தேதி வருஷக்கணக்கில் நகராமல் நின்றுவிட்டால், கூரையைப் பார்ப்பார் இல்லை என்று அர்த்தம். பார்வைக்குப் புதிதாக, கீறல் ஒன்றும் இல்லாமல் இருக்கும் கைப்பேசியிலும் அந்தத் தேதி பழையதாக இருக்கலாம். அத்தகைய கைப்பேசியில் பாங்குக் காரியங்களைச் செய்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். விண்டோஸில் இதற்குச் சமமான விவரம் பதிப்பின் எண். தேடுமிடத்தில் 'வின்வர்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் சிறிய ஜன்னல் ஒன்று திறந்து அதைக் காட்டும். அங்கே பத்தாம் பதிப்பு என்று கண்டால், அதற்கான பொது ஆதரவு 2025ஆம் வருஷம் அக்டோபர் 14ஆந்தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

கணினியின் பிற உறுப்புகளைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, 32 பிட்டா 64 பிட்டா என்பது ஆகியவை அமைப்புகளிலுள்ள 'பற்றி' என்ற பக்கத்திலேயே உள்ளன. அதற்குமேல் வேண்டுவோருக்கு 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற விரிவான அட்டவணை உண்டு. பழுது பார்க்கும் நிலையத்தார் கேட்கும் வரிசை எண் மாத்திரம் மடிக்கணினியின் அடிப்புறத்து ஒட்டுச்சீட்டில் இருக்கும். மடியில் வைத்துத் தேய்ந்து தேய்ந்து அந்தச் சீட்டு அழிந்துவிடுவது சகஜம். ஆகவே வாங்கிய அன்றே அதைப் படம் பிடித்து வைப்பது நல்லது. முன்சொன்ன 'பற்றி' என்ற பக்கத்தில் காணப்படும் 'தயாரிப்பு எண்' விண்டோஸுக்கு உரியதேயன்றி யந்திரத்துக்கு உரியதன்று.

எண்களில் எது நமக்கே உரியது, எது எல்லோருக்கும் பொதுவானது என்ற பேதத்தை அறியாததால் விளையும் கேடு சாமானியமானதன்று. பிரபல கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தொலைபேசியில் அழைக்கும் வஞ்சகர்கள் வெகுகாலமாகக் கையாண்டுவரும் தந்திரம் ஒன்றுண்டு. கணினியில் ஒரு கட்டளையை எழுதச் சொல்லி, திரையில் ஓடும் நீண்ட பட்டியலில் 888 என்று தொடங்கும் எண்ணைக் கொண்ட ஒரு வரியைக் காட்டி, "இது உங்கள் கணினிக்கு மாத்திரம் உரிய எண், நான் சொல்லட்டுமா?" என்று அவர்கள் அதை ஒப்பிக்கும்போது, கேட்கிறவர் தம் யந்திரத்தின் அந்தரங்கமே எதிராளிக்குத் தெரிந்திருப்பதாக நம்பி, அவர் சொன்னபடியெல்லாம் செய்யத் தலைப்படுகிறார். அந்த எண் விண்டோஸ் உள்ள எல்லாக் கணினிகளிலும் ஒரே எண். அது ஒரு கோப்பு வகையோடு இணைந்த அடையாள எண், வேறொன்றுமில்லை. நம் வரிசை எண்ணை நாமே முன்பே அறிந்திருந்தோமானால், அதைச் சொல்லும்படி திருப்பிக் கேட்ட மாத்திரத்தில் வேஷம் கலைந்துவிடும்.

இனிக் கணக்கின் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் புதுக் கைப்பேசி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் தாமே உட்கார்ந்து தம் கணக்கை உண்டாக்கிக்கொள்கிறார்கள்? கடையில் நிற்கும் பையன், வாங்குகிறவருடைய பெயரோடு ஏதோ சில இலக்கங்களைச் சேர்த்து ஒரு ஜிமெயில் முகவரியை உண்டாக்கி, தனக்குத் தோன்றிய கடவுச்சொல்லைப் போட்டு, "எல்லாம் ரெடி ஐயா" என்று கையில் கொடுத்துவிடுகிறான். அவன் கெட்டவனல்லன், அவசரத்தில் உதவி செய்தவனே. ஆயினும் தொலைபேசி எண்கள், பேரக்குழந்தைகளின் படங்கள், பாங்கிலிருந்து வரும் கடிதங்கள் யாவும் அன்று முதல் சென்று சேரும் பெட்டியின் பெயரும் சாவியும் உடையவருக்குத் தெரியாது. தலைமையாசிரியரின் கதியும் அதுவே. கூகுளிலும் ஆப்பிளிலும் கணக்கிற்குள் நுழைந்தால், அந்தக் கணக்கில் இயங்கும் கைப்பேசிகளின் பட்டியலோடு அவற்றின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் காணலாம். தம் கணக்கு எது என்று அவர் அறிந்திருந்தால், பக்கத்து வீட்டுக் கணினியிலேயே போலீஸாரின் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பு முதல், கைப்பேசியை வலுக்கட்டாயமாக வெறுமையாக்கினாலும், முன்பிருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அது திறவாது. திருடனுக்கென்று போட்ட இந்தப் பூட்டு, பையன் வைத்த கடவுச்சொல்லை அறியாத உடையவரையும் வாசலில் நிறுத்திவிடுகிறது. கணினியிலும் இதே விபத்து நேரலாம். சமீப காலத்து விண்டோஸ் மடிக்கணினிகள் பல, உடையவர் கேளாமலேயே வட்டினைப் பூட்டிக்கொள்கின்றன. ஏதோ ஒரு பழுதுபார்த்தலுக்குப் பிறகு, ஒரு நாள் காலையில், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கொடு என்று நீலத்திரையில் கேட்டு நிற்கும்போது, அப்படி ஓர் எண் இருப்பதையே பலர் அன்றுதான் அறிகிறார்கள். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. எந்தக் கணக்கில் என்பதுதான் கேள்வி. கணினி சுகமாய் இருக்கும் காலத்திலேயே அந்தக் கணக்கைத் திறந்து எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் மீட்பு எண்ணாகக் கொடுத்திருக்கும் தொலைபேசி எண் தலையாயது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண், துண்டிக்கப்பட்டுத் தொண்ணூறு நாள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். பழைய கணக்கின் மீட்புச் செய்திகள் அந்த அந்நியருக்குப் போகும். இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்ற விதியும் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. இறந்துபோனவர்களின் படங்களைப் பழைய கணக்குகளில் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாட்ஸப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்து, தாம் அறியாத கணினி ஏதேனும் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இத்தனை விவரங்களையும் எழுதி வைத்தால் அவையே பிறர் கையில் ஆயுதமாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்பு முதல் சாதாரணச் செயலிகள் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் படிக்க முடியாமல் தடுக்கப்பட்டிருப்பதே, அது ஊரறியத் தக்க எண்ணன்று என்பதற்குச் சாட்சி. ஆனாலும் பெயர் வேறு, சாவி வேறு. ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போலீஸாரிடமும், வரிசை எண்ணைப் பழுது பார்ப்பவரிடமும் சொல்லலாம். கடவுச்சொல்லையும் ஒருமுறை வரும் ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் சொல்லலாகாது. பட்டா எண்ணைத் தாலுகா ஆபீஸில் சொல்லுகிற எவரும், பத்திரம் வைத்த பெட்டியின் சாவியை அங்கே கொடுத்துவிட்டு வருவதில்லை.

தலைமையாசிரியர் கைப்பேசி வாங்கிய கடையில் பழைய பில்லின் நகல் கிடைத்தது, எண் அதில் அச்சாகியிருந்தது, கைப்பேசி முடக்கப்பட்டது. அது திரும்பி வரவில்லை. பெரியவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, கடைப் பையனை ஒன்றும் செய்ய வேண்டாமென்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரிக்காமலே என் வீட்டுக்கு எடுத்து வந்தார். திண்ணையில் உட்கார்ந்து *#06# என்று அவரே அழுத்தினார். இரண்டு எண்கள் தோன்றின. நீல அட்டை நோட்டை விரித்து, பட்டா எண்ணுக்குக் கீழே இரண்டையும் எழுதி, ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டித்துக் கூட்டிப் பார்த்தார். இரண்டும் பத்தால் வகுபட்டன. பிறகு பக்கத்தைத் திருப்பி, தாமே உண்டாக்கிய கணக்கின் பெயரையும் மீட்பு எண்ணாகத் தம் மகளின் தொலைபேசி எண்ணையும் எழுதினார். கடவுச்சொல் என்று தலைப்பிட்ட இடத்தில் ஒன்றும் எழுதாமல் கோடு மாத்திரம் இழுத்து, நோட்டை மூடி வைத்துக்கொண்டார்.